அரை டம்ளர்

யார் எழுதிய நம்பரோ தெரியாது.
ஐஸ் கம்பெனிச் சுவரில்
சங்காய லாரி வாடகைக்குக் கீழே
"குடியை நிறுத்த முடியலையா" என்று ஒரு வரி,
பத்து இலக்கம். கடைசி இலக்கம்
ஒன்றா ஏழா என்று தெரியாமல்
உப்பு அரித்திருந்தது.

ஒன்று போட்டேன். பரமக்குடியில் ஒரு பெண்
தூக்கக் கலக்கத்தில் திட்டினாள்.
ஏழு போட்டேன்.
மணி போகும்போதே வைத்துவிட்டேன், நாலு தடவை.
பிறகு அங்கிருந்தே கூப்பிட்டார்கள்.
"செவ்வாய்க்கெழம ஆறரை. மண்டபம்.
தையல் பள்ளிக்கூடம்.
ஊரு, தெரு எதுவும் சொல்ல வேணாம்."

செவ்வாய் விடியலில் கரை பிடித்து
மீனை இறக்கிப் படகைக் கழுவி
சாயங்காலம் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறினேன்.
பாலம் தாண்டும் வரை
முகத்தைக் கடல் பக்கமே வைத்திருந்தேன்.
நான் மண்ணில் புரண்டு பார்க்காத ஆள்
எங்கள் ஊரில் கிடையாது.
குடித்த நாளில் ஒளிந்ததில்லை.
விடப் போகிற அன்றைக்குத்தான்
தலையில் துண்டு.

மண்டபத்தில் பெட்டிக்கடைக்காரர் தெரியாது என்றார்.
ஆட்டோக்காரன்,
"பொம்பளப் பிள்ளைக படிக்கிற எடம், ஒனக்கென்ன சோலி?"
கால்கள் தமக்குத் தெரிந்த வழியில் திரும்பின.
பச்சை போர்டுக்கு எதிரே
அவித்த முட்டையும் சுண்டலும் விற்கிறவள்
நான் நீட்டிய பத்து ரூபாயைப் பார்த்தாள்,
அது நடுங்குவதைப் பார்த்தாள்.
"கூட்டத்துக்கா வந்தீக?
நேராப் போயி எடது கை, மஞ்சக் கேட்டு.
எங்க வீட்டு ஆளும் அங்கதான் உக்காந்திருக்கு.
முட்டை கெடக்கட்டும், போங்க. மணி ஆச்சு."

உறை போர்த்திய பதினோரு தையல் மெஷின்கள்.
நடுவே ஆறு பேர். ஏழாவது நாற்காலி
ஏற்கெனவே போட்டிருந்தது.
கஸ்பார் என்று ஒருத்தர் பிளாஸ்கைச் சாய்த்தார்.
எல்லோருக்கும் நிறைய,
எனக்கு மட்டும் அரை டம்ளர்.
குவார்ட்டரும் ஆஃபும் வெளிச்சத்தில் தூக்கிப்
பார்த்து வாங்கியவன் நான்.
எழுந்து போய்விடத்தான் நினைத்தேன்.
கையில் எடுத்தேன்.
தேநீர் விளிம்பு வரை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது,
கச்சான் காற்றில் தென்கடல்.
ஒரு சொட்டு வெளியே விழவில்லை.
யாரும் என் கையைப் பார்க்கவில்லை.

நம்புராஜன் பேசினான்.
மாலை போட்ட நாற்பத்தெட்டு நாளும் தொடவில்லையாம்.
கழற்றிய கையோடு
மலையடிவாரத்தில் விழுந்து கிடந்தானாம்.
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
சங்கு குளிக்கிற ஒரு பெரியவர்
"இன்னிக்கு இல்ல" என்றார்.
அவ்வளவுதான் அவர் பேச்சு.

என் முறை வந்தது. "இன்னாசி" என்றேன்.
அப்புறம் ஒன்றும் வரவில்லை.
காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.
அந்த மௌனத்துக்கு யாரும் வட்டி கேட்கவில்லை.
ஊர் திரும்பிப் பார்த்தால்
கைலி முழுக்க நூல் பிசிறு.

மூன்றாம் செவ்வாய் நான் போகவில்லை.
எங்கே இருந்தேன் என்பது
என் மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
நான்காம் செவ்வாய் போனேன்.
அரை டம்ளர்.

ஐப்பசியில் பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
எட்டு நாள் கடல் இல்லை, காசு இல்லை.
சும்மா இருக்கிற நாளைப் போல
கொல்கிற நாள் வேறில்லை.
கரண்ட் போன மண்டபத்தில்
மழையோடு நடந்து போனேன்.
கஸ்பார் மட்டும் இருந்தார், செல்போன் வெளிச்சத்தில்.
"ரெண்டு பேரு இருந்தாப் போதும்" என்றார்,
"கூட்டந்தான்."

பிளாஸ்கைச் சாய்த்தவர் பாதியில் நிறுத்தவில்லை.
விளிம்பு வரை ஊற்றினார்.
இருட்டில் தெரியாமல் ஊற்றினாரோ என்னவோ.
"ஆறட்டும்" என்றேன்.
வெளியே தகரம் ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.
பிறகு எடுத்தேன்.

கொஞ்சம் சிந்தியது.
மெஷினுக்கு அடியில் கைவிட்டு
ஒட்டுத்துணி ஒன்றை எடுத்து நீட்டினார்,
பூப்போட்டது, யாருடைய பாவாடையிலோ மிஞ்சியது.